வாசலுக்கு வெளியே நிற்கும் துப்பாக்கி

அன்புள்ள மருமகனுக்கு,

கல்லூரிக் கலைவிழாவில் ஜாலியன்வாலா பாக் நாடகம் போடுகிறீர்கள், அதற்காக இயந்திரத் துப்பாக்கி ஒன்றைக் காயலான் கடைச் சாமான்களை வைத்து வீட்டு மொட்டைமாடியிலேயே செய்யப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். கூடவே பென்சிலில் போட்ட வரைபடம், ஒரு புகைப்படம், வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல். வரைபடம் நன்றாக இருக்கிறது. பட்டியல்தான் என்னை யோசிக்க வைத்தது. முக்கால் அங்குல இரும்புக் குழாய், ஸ்பிரிங், கதவுத் தாழ்ப்பாள், இழுத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும் விசை. நீ துப்பாக்கியை நகலெடுக்கப் பார்க்கிறாய். நாடகத்துக்குத் தேவைப்படுவது துப்பாக்கியின் நகல் இல்லை. பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர் துப்பாக்கி என்று நம்பிவிடக்கூடிய ஒரு வடிவம், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் எதிரெதிர்த் திசையில் போகிற வேலைகள். நிஜத்தை நெருங்க நெருங்க மேடைப் பொருள் மோசமாகிக்கொண்டே போகும் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது. கேட்டதும் சண்டைக்கு வருவாய் என்று தெரியும். அதனால் காரணங்களோடு எழுதுகிறேன்.

முதலில் நீ அனுப்பிய புகைப்படம். அதில் இருப்பது ஜெர்மனியின் எம்ஜி 42. பெயரிலேயே ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கவனிக்கவில்லையா? உன் நாடகம் நடப்பது 1919 ஏப்ரல் 13, பஞ்சாபில், பைசாகி நாளில். 23 வருடம் கழித்து, வேறொரு நாட்டுப் படைக்கு வந்து சேர்ந்த துப்பாக்கியை ஜெனரல் டயர் கையில் கொடுக்க முடியாது. கணினி விளையாட்டுகளில் அடிக்கடி வருவதால் அது உன் கண்ணில் பதிந்திருக்கும். உறை நெடுக நீள நீளமாகத் துளைகள் இருக்கும் அந்தக் குழல் பார்க்க அழகுதான், ஆனால் அந்தத் துளைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. நிமிடத்துக்கு 1,200 குண்டு என்ற வேகத்தில் சுடும்போது குழல் பழுக்கக் காய்ந்துவிடும். காற்று உள்ளே புகுந்து சூட்டைத் தணிக்கத்தான் அந்த வழி. 1919இல் பிரிட்டிஷ் படை சூட்டைத் தணித்த விதம் வேறு. 1912இல் அவர்கள் ஏற்றுக்கொண்டு 1968 வரை வைத்திருந்த விக்கர்ஸ் துப்பாக்கியில் குழலைச் சுற்றி ஒரு தண்ணீர்த் தொட்டியே உண்டு. சுமார் நாலு லிட்டர் பிடிக்கும். விடாமல் சுட்டால் மூன்று நிமிடத்தில், ஏறக்குறைய 600 குண்டில், அந்தத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஆவி மேலே எழும்பி எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவும், தண்ணீர் வீணாகாமல் இருக்கவும், ஒரு ரப்பர் குழாய் வழியாக அதைத் தகர டின் ஒன்றுக்குள் இறக்குவார்கள். விக்கர்ஸின் தடித்த உடம்பு, அதன் மேல் நீளவாக்கில் ஓடும் வரிகள், கீழே தொங்கும் குழாய், பக்கத்தில் டின் எல்லாம் இதற்காக வந்தவை. ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை தெரிந்தவனுக்கு எதைச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாக விளங்கிவிடும். தெரியாதவன் போல்ட், நட்டு எல்லாவற்றையும் எண்ணி எண்ணி ஒட்டிக்கொண்டிருப்பான்.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். உங்கள் கதைச்சுருக்கத்தில், மைதானத்தின் நடுவில் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்திக் கூட்டத்தைச் சுடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்கவில்லை. டயர் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளோடுதான் புறப்பட்டு வந்தார். ஆனால் மைதானத்துக்குள் நுழைகிற சந்து குறுகலானது, வண்டிகள் உள்ளே போகவில்லை. அவற்றை வெளியே தெருவில் நிறுத்திவிட்டு, ரைபிள் வைத்திருந்த 50 பேரையும் குக்ரிக் கத்தி வைத்திருந்த கூர்க்காக்கள் 40 பேரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். சுட்டது அந்த 50 ரைபிள்கள். ஏறக்குறைய பத்து நிமிடம், 1,650 குண்டுகள். அரசாங்கம் ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கே 379. அந்த ஆண்டு நவம்பரில், இதை விசாரித்த ஹண்டர் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்தபோது, வண்டிகள் உள்ளே போயிருந்தால் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா என்று டயரிடம் கேட்டார்கள். அநேகமாகச் சுட்டிருப்பேன் என்கிற மாதிரிதான் பதில் வந்தது. ஆக, ஜாலியன்வாலா பாக் கதையில் இயந்திரத் துப்பாக்கிக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் அது மைதானத்துக்குள் இல்லை. சந்தின் வாயில் மாட்டிக்கொண்டு, உள்ளே வர முடியாமல், உறுமிக்கொண்டு நிற்கிற பொருளாக இருக்கிறது.

‘நாடகம்தானே மாமா, கொஞ்சம் மாற்றிக்கொண்டால் என்ன? துப்பாக்கி நடுவில் நின்றால் காட்சிக்கு பலம்’ என்பாய். பலம் கூடுமா என்று யோசித்துப் பார். இயந்திரத் துப்பாக்கி சுட்டது என்று காட்டினால், பார்க்கிறவர் மனதில் பழி இயந்திரத்தின் மேல் பாதியாவது போய் விழும். விசையை ஒருமுறை அழுத்திப் பிடித்தால் அது பாட்டுக்குச் சுட்டுத் தள்ளும் என்று எண்ணிக்கொள்வார். ரைபிள் அப்படியில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மனிதன் போல்ட்டைத் திருப்பி, இழுத்து, தள்ளி, குறிபார்த்து, விசையை இழுக்க வேண்டும். 1,650 தடவை யாரோ ஒருவர் அதைச் செய்தார் என்பதுதான் அந்தச் சாயங்காலத்தின் பயங்கரம். நீ வசதிக்காக மாற்றினால் கதையின் முதுகெலும்பையே உருவி விடுகிறாய். மாறாக, மேடையின் ஓரத்தில், சந்தின் வாயில், கவச வண்டியின் முகப்பு மட்டும் தெரிகிறது. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தடித்த குழல் கூட்டத்தைப் பார்த்தபடி கடைசி வரை சும்மா நிற்கிறது என்று வைத்துப் பார். இதற்குமேல் நடந்திருக்கக் கூடியதை ஒரு வசனமும் இல்லாமல் அது சொல்லிவிடும். உன் வேலையும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். வண்டிக் கூண்டுக்குள் இருக்கும் துப்பாக்கியில் வெளியே தெரிவது தண்ணீர் உறையும் முன்மூக்கும் மட்டும்தான். விசை, ஸ்பிரிங், தாழ்ப்பாள், முக்காலி ஒன்றும் வேண்டாம். கண் போகாத இடத்தில் கைக்கு என்ன வேலை?

கண்ணுக்குத் தூரம் என்று ஒன்று இருக்கிறது என்பதை நாடகக்காரர்களைவிடப் படைத் தளபதிகள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரில், 1780 டிசம்பரில், தெற்குக் கரோலினாவில் ஒரு பண்ணைக்குள் அரண் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் ஆதரவாளர்களை வெளியேற்ற கர்னல் வில்லியம் வாஷிங்டனிடம் பீரங்கி இல்லை. பைன் மரக்கட்டை ஒன்றைச் செதுக்கிப் பீரங்கிபோல நிறுத்தி, சரணடையச் சொல்லி ஆள் அனுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு குண்டுகூட வெடிக்காமல் வெளியே வந்துவிட்டார்கள். 1862 மார்ச்சில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வர்ஜீனியாவின் சென்டர்வில்லில் தென்மாநிலப் படைகள் அரணைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு வடக்குப் படை உள்ளே நுழைந்து பார்த்தால், இத்தனை நாள் தங்களை மிரட்டிக்கொண்டிருந்த பீரங்கிகளில் பல கறுப்புச் சாயம் பூசிய மரக்கட்டைகள். பத்திரிகைகள் வடக்குப் படைத் தளபதி மக்லெல்லனைக் கிழித்துத் தோரணம் கட்டின. அந்தக் கட்டைகளில் ஒரு ஸ்பிரிங்கும் இல்லை, ஒரு போல்ட்டும் இல்லை. சரியான நீளம், சரியான தடிமன், சரியான இடம், கறுப்பு நிறம், இவ்வளவுதான். உயிரைப் பணயம் வைத்துப் பார்த்தவர்களின் கண்ணையே இது ஏமாற்றியது என்றால், நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஏமாறுவதற்கென்றே வந்து உட்காருபவரின் கண்ணுக்கு இன்னும் என்ன வேண்டும்? நம் ஊர்க் கூத்தை எடுத்துக்கொள். ராஜாவின் கிரீடமும் புஜக்கட்டையும் இலேசான மரத்தில் கண்ணாடித் துண்டு பதித்தவை. கிட்டே போய்ப் பார்த்தால் ஜிகினாத் தாளும் சாயமும். விடிய விடிய ஆட வேண்டியவன் தலையில் நிஜத் தங்கத்தை வைத்தால் நடு இரவில் கழுத்து ஒடிந்துவிடும். விக்கர்ஸின் எடை தண்ணீர் ஊற்றாமலே சுமார் 15 கிலோ. இரும்பிலேயே செய்து கூண்டில் மாட்டினால் முதல் ஒத்திகையிலேயே அட்டை கிழிந்து யார் காலிலாவது விழும்.

நாடகத்தை அப்படியே வீடியோ எடுத்துக் குறும்படமாகவும் வெளியிடப் போகிறோம், கேமரா கிட்டே வருமே என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. கேமரா கிட்டே வரும், ஆனால் நீ அனுமதிக்கிற இடத்துக்குத்தான் வரும். திரைப்படக்காரர்கள் ஒரே ஆயுதத்தை இரண்டு தரத்தில் செய்து வைத்துக்கொள்வது வழக்கம்: அண்மைக் காட்சிக்கு நுணுக்கமாக ஒன்று, ஓடவும் விழவும் ரப்பரில் வார்த்தவை பல. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு அரங்கப் பொருள் செய்த ரோஜர் கிறிஸ்டியன் கையில் காசு கொஞ்சம்தான். பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் துப்பாக்கியின் குழலில் அலமாரிக் கதவுக்கு ஓரம் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை வெட்டி ஒட்டினார், அது விண்வெளி ஆயுதமாகிவிட்டது. கதாநாயகனின் ஒளிவாளுக்குப் பிடி, பழைய கேமரா ஒன்றின் ஃப்ளாஷ் கைப்பிடி. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் உற்றுப் பார்த்தார்கள், யாருக்கும் அலமாரி ஞாபகம் வரவில்லை. 1986இல் ‘ஏலியன்ஸ்’ படத்தின் பெரிய துப்பாக்கியும் இப்படித்தான் பிறந்தது. உனக்குப் பிடித்த எம்ஜி 42இன் மேல் மோட்டார் சைக்கிள் உதிரிபாகங்களை மாட்டி, கேமராக்காரர்கள் உடம்பில் கட்டிக்கொள்கிற ஸ்டெடிகேம் கையில் தொங்கவிட்டார்கள். கண் முதலில் உருவத்தைப் பிடிக்கிறது, பிறகு அழுக்கைப் பார்க்கிறது, அழுக்கும் தேய்மானமும் நம்பும்படி இருந்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை. அந்த இரண்டு படங்களும் நிஜத் துப்பாக்கியை அடியில் வைத்துத்தானே செய்தார்கள் என்று மடக்குவாய். உண்மைதான். அதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிஜத்தை அடியில் வைத்ததால் சினிமா கொடுத்த விலை சின்னதல்ல. 1984இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர், படப்பிடிப்பு இடைவெளியில் விளையாட்டாக ரிவால்வரைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். உள்ளே இருந்தது குண்டில்லாத வெடிதான். அந்த வெடிப்பின் அழுத்தமே மண்டை ஓட்டை உடைத்துவிட்டது. 1993இல் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் இறந்தார். அண்மைக் காட்சிக்காக அரைகுறையாகச் செய்த பொய்த் தோட்டாவின் முனை குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. பிறகு வேறொரு காட்சிக்குப் போட்ட வெற்று வெடி அதைத் தள்ளி வெளியே அனுப்பியது. 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் ஒத்திகையில் உயிரிழந்தார். எப்படியோ நிஜத் தோட்டாவே உள்ளே வந்துவிட்டிருந்தது. மூன்று சம்பவத்திலும் அனுபவசாலிகள் சுற்றி இருந்தார்கள். மூன்றிலும் தவறு வெவ்வேறு இடத்தில் நடந்தது. பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, கையில் இருந்த பொருள் சுடக்கூடியது. ரஸ்ட் சம்பவம் நடந்த சில நாட்களிலேயே ‘தி ரூக்கி’ என்ற அமெரிக்கத் தொடர் நிஜத் துப்பாக்கிகளை அடியோடு நிறுத்திவிட்டு, பொம்மைத் துப்பாக்கியில் தீப்பொறியைக் கணினியில் சேர்க்க ஆரம்பித்தது. அத்தனை பணமும் பயிற்சியும் உள்ள தொழில், சுட முடியாத பொருளை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. நீ மொட்டைமாடியில் உட்கார்ந்து இரும்புக் குழாயும் ஸ்பிரிங்கும் விசையுமாக எதிர்த்திசையில் போகிறாய். உன்னுடையது சுடாது, எனக்குத் தெரியும். ஆனால் இரும்புக் குழாயும் விசையும் சேர்ந்த ஒன்றைப் பார்க்கிற எந்தக் காவலருக்கும் நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ‘இது சுடாது சார்’ என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உன் தலையில் விழும். பி.வி.சி. குழாய்க்கு அந்த வக்கீல் வேலை தேவையில்லை, பார்த்தாலே தெரியும். இதே காரணத்துக்காக, தோட்டாச் சரத்துக்கு என்று எங்கிருந்தாவது நிஜமான காலித் தோட்டாக்களைப் பொறுக்கி வரும் எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடு. கூண்டுக்குள் இருப்பது வெளியே தெரியாது, சரமே வேண்டாம்.

‘அட்டையும் பிளாஸ்டிக்கும்தானே, யார் பயப்படப் போகிறார்கள்?’ என்று நீ அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன பீரங்கிக் கதையை அப்படியே திருப்பிப் போட்டுப் பார். தூரத்திலிருந்து நம்ப வைக்கிற எந்தப் பொருளும், நம்பக் கூடாத ஆளையும் நம்ப வைத்துவிடும். 1999இல் லண்டனில், பழுது பார்த்த மேஜைக்கால் ஒன்றைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவரைத் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று யாரோ தகவல் கொடுக்க, போலீஸ் சுட்டுக் கொன்றது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் க்ளீவ்லண்டில் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுவன், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்ததால், போலீஸ் வண்டி வந்து நின்ற இரண்டே நொடியில் சுடப்பட்டான். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லாமல் போயிருந்தது. பொம்மைகளில் அந்த ஆரஞ்சு முனை இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1988இலேயே சட்டம் போட்டிருந்தது. பிரிட்டன் 2006இல் இன்னும் கடுமையாகி, நிஜம்போலத் தோன்றும் துப்பாக்கி நகலைச் செய்வதையும் விற்பதையுமே குற்றமாக்கியது. நாடகம், சினிமா, அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. அந்த விலக்கில் இருக்கிற புத்தியைப் பார். மேடை மேல் இருக்கும் வரை அது நாடகப் பொருள், தெருவுக்கு வந்துவிட்டால் அதன் பெயர் மாறிவிடுகிறது. நம் ஊர்ச் சாலையில் யாரும் இரண்டு நொடியில் சுட்டுவிட மாட்டார்கள் என்றாலும், பேருந்து நிலையத்தில் ஒரு கூச்சல் கிளம்பினால் போதும். அதனால் முழு உருவமாக அதை ஒருபோதும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாதே. குழாய் தனி, மூக்கு தனி, கூண்டு தனியாகக் கழற்றும்படி செய். கல்லூரிக்குள் போய்ப் பொருத்து. குழாயின் உட்பக்கத்தையும், மேடையில் பார்வையாளருக்குத் தெரியாத முதுகுப் பக்கத்தையும் பளிச்சென்று ஆரஞ்சில் பூசிவிடு. முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகல் ஒன்றை உன் பையில் வை. இதெல்லாம் கோழைத்தனம் என்று உன் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

உன் அம்மாவின் ஆட்சேபணை வேறு வகை. படிக்கிற பிள்ளைக்குத் துப்பாக்கி செய்கிற புத்தி எதற்கு என்று கேட்கிறாளாம். தீபாவளிக்கு உனக்கு வருஷா வருஷம் ரோல் கேப் துப்பாக்கி வாங்கித் தந்தவள் கேட்கிறாள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கேள்வியைத் தள்ளிவிடாதே, அதில் பாதி சரி. ஆயுதத்தைச் செய்யும்போது கைக்கு ஒரு மயக்கம் வரும். இன்னும் கொஞ்சம் கனம், இன்னும் கொஞ்சம் பளபளப்பு, கையில் பிடித்து ஒரு படம் என்று ஆசை போய்க்கொண்டே இருக்கும். பொருள் நாடகத்துக்கு என்பது மறந்து, நாடகம் பொருளுக்கு என்றாகிவிடும். மீதிப் பாதியில் அவளோடு நான் உடன்படவில்லை. ஆயுதத்தைக் காட்டாமல் ஜாலியன்வாலா பாக்கைக் காட்ட முடியாது. எது சுட்டது, எது சுடாமல் நின்றது, ஏன் நின்றது என்று சரியாகக் காட்டுவது ஆயுதத்தைக் கொண்டாடுவதாகாது. அந்தத் துப்பாக்கி உள்ளே வராததற்கு யாருடைய இரக்கமும் காரணமில்லை, ஒரு சந்தின் அகலம்தான் காரணம். இதை உன் அம்மாவிடம் சொல்லிப் பார், விளக்குமாற்றை அவளே எடுத்துக் கொடுப்பாள். விளக்குமாறு எதற்கென்று கேட்கிறாயா? அதுதான் இந்த வேலையின் உயிர்.

காயலான் கடையில் நாலு அங்குல பி.வி.சி. குழாயின் வெட்டுத்துண்டு இரண்டடி நீளத்துக்குக் கிடைக்கும். அதன் பளபளப்பில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. உப்புத்தாளால் முதலில் சொரசொரப்பாக்கு. தூசி மூக்கில் போகாமல் முகமூடி போட்டுக்கொள். குழாயின் சுற்றளவுக்குச் செய்தித்தாளில் ஒரு நாடா வெட்டு, ஏறக்குறைய 345 மில்லிமீட்டர் வரும். அதை மூன்று தடவை பாதியாக மடித்தால் எட்டுப் பங்கு, ஒவ்வொரு பங்கையும் மூன்றாக்கினால் 24. விரித்து மறுபடி குழாயில் சுற்றி அந்த 24 இடத்திலும் பென்சிலால் குறித்து, நீளவாக்கில் கோடு போடு. ஒவ்வொரு கோட்டிலும் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஒரு தென்னை ஈர்க்கு. ஈர்க்கின் அடி தடிமனாகவும் நுனி மெலிந்தும் இருக்கும், அதனால் அடிப்பகுதியை மட்டும் வெட்டி எடு. ஒட்டியதும் மேலே செய்தித்தாளை மைதாப் பசையில் நனைத்து இரண்டு சுற்று போர்த்திவிட்டு, ஈர்க்குகளுக்கு நடுவே விரலால் அழுத்தி நீவிக்கொண்டே வா. வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் தொட்டுப் பார், விக்கர்ஸின் வரியோடிய தண்ணீர் உறை கையில் இருக்கும். முன்மூக்குக்கு ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டும், வெட்டிய பிளாஸ்டிக் புனலும் போதும். ஆவிக் குழாயை வெளியே தொங்கவிட விரும்பினால் வாஷிங் மெஷினின் பழைய கழிவுநீர்க் குழாய் அச்சாக இருக்கும். ஆனால் கூண்டுக்குள் இருக்கிற துப்பாக்கிக்கு அது வெளியே தெரிய வேண்டியதில்லை. ஆசையை அடக்கு. குழாயை வளைப்பதற்காக அடுப்பில் மட்டும் காட்டாதே, பி.வி.சி. கருகினால் வருகிற புகை நெஞ்சை அரிக்கும். கடையில் கிடக்கும் பழைய பேட்டரி, ட்யூப்லைட், ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுத் துண்டு பக்கமே போகாதே, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

கவச வண்டியின் முகப்புக்கு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி ஒன்று போதும். தகட்டின் ஆணித்தலைகளுக்கு உன் பட்டியலில் 200 போல்ட் எழுதியிருக்கிறாய். அதற்குப் பதிலாக நூறு கிராம் பொட்டுக்கடலை வாங்கு. அது இயல்பாகவே இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கிறது. தட்டைப் பக்கத்தில் ஃபெவிகால் வைத்து, அளவுகோலைப் பிடித்து ஓர் அங்குல இடைவெளியில் ஒட்டிக்கொண்டே போ. பெயின்ட் அடித்தபின் பத்தாவது வரிசையிலிருந்து அது பொட்டுக்கடலை என்று கண்டுபிடிப்பவருக்கு உன் கல்லூரி பரிசு கொடுக்கலாம். ஒரே நாளில் முழுக்க ஒட்டிவிடு, இல்லாவிட்டால் எலிக்கும் உனக்கும் போட்டி வந்துவிடும். பெயின்ட் கடைக்காரர் பளபளக்கும் எனாமலைத்தான் நீட்டுவார். மங்கலான கறுப்பு வேண்டுமென்று கேட்டு வாங்கு. மேடை விளக்கு பட்டால் பளபளப்பு உடனே பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுக்கும். எங்காவது தெர்மாகோல் வைத்திருந்தால் ஸ்ப்ரே பெயின்ட் அதைக் கரைத்துவிடும் என்பதையும் மறக்காதே. கறுப்பு காய்ந்ததும் 6பி பென்சில் முனையைத் தேய்த்துப் பொடியாக்கி, பழைய பனியன் துணியால் வரிகளின் மேல் மட்டும் தேய். உலோகத்தின் கருநீல மினுக்கம் வந்துவிடும். கடைசியாக அலுமினியப் பெயின்ட்டில் பிரஷ்ஷைத் தோய்த்து, ஏறக்குறைய முழுவதையும் காகிதத்தில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் பட்டும் படாமலும் இழு. வீரன் கை அடிக்கடி படுகிற இடம் எது என்று யோசித்து அங்கே மட்டும் தேய்மானம் காட்டு. எல்லா இடத்திலும் சீராகக் காட்டினால் அது பழசாகத் தெரியாது, பழசு வேஷம் போட்டதாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் நண்பனை மாடியின் ஒரு கோடியில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ மறுகோடிக்குப் போய்ப் பார். கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதை நிறுத்தினால்தான் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

இணையத்தில் மூவாயிரம், நாலாயிரம் கொடுத்தால் அச்சு அசலான பொம்மை வந்துவிடுமே, முப்பரிமாண அச்சில் போட்டு எடுக்கலாமே என்று உன் நண்பன் சொன்னதாக எழுதியிருந்தாய். வரும். ஆனால் அந்தக் கடையில் கிடைப்பது இன்றைய துப்பாக்கி, உனக்கு வேண்டியது 1919. அச்சில் எடுத்தாலும் அடுக்கு அடுக்காக வருகிற வரிகளைத் தேய்த்து நிரப்பி, பெயின்ட் அடித்து முடிக்கப் பாதி வேலை அப்படியே கையில்தான் நிற்கும். அதைவிட முக்கியமாக, அப்படி வந்த பொருளுக்கு மேடைக்கு வெளியேயும் ஒரு வாழ்க்கை இருக்கும். விழா முடிந்ததும் யாரோ ஒருவன் அதை எடுத்து மோட்டார் சைக்கிளில் வைத்துப் படம் எடுப்பான். ஈர்க்கும் மைதாவும் பொட்டுக்கடலையும் சேர்ந்த பாதி உடம்பை யாரும் மோட்டார் சைக்கிளில் வைக்க மாட்டார்கள்.

ஒளியமைப்பு செய்கிற பையனிடம் ஒன்று சொல். ரைபிள் ஓசை ஓய்ந்து மேடை இருண்டபின், சந்தின் வாயில் இருக்கும் குழலின் மேல் மட்டும் பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கைப் பத்து நொடி விடச் சொல். நேராக அடிக்க வேண்டாம், ஈர்க்கு வரிகளின் நிழல் செத்துவிடும். ஒத்திகைக்கு முன்னால் அந்தப் பத்து நொடியை அரங்கின் கடைசி வரிசையில் நின்று நீயே ஒருமுறை பார்த்துக்கொள். நாடகம் முடிந்த அன்றிரவே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அட்டையை நனைத்துக் கிழித்துப் போடலாம், காகிதப் போர்வை தண்ணீரில் ஊறினால் தானே உரிந்து வரும், குழாயைக் கழுவிவிட்டுக் காயலான் கடைக்காரரிடமே திருப்பிக் கொடு, பாதி விலைக்காவது எடுத்துக்கொள்வார். அம்மாவுக்குப் புது விளக்குமாறு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
மாமா